மகள் வீட்டு நிழல்: மட்டக்களப்பு வாவிக்கரையில் முதுமையும் உடல்நலமும், ஒரு சமூக வரலாற்று நோக்கு

முன்னுரை

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை அயல்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாய் விரிவது படுவான்கரை. தமிழரும் முஸ்லிம்களும் நூற்றாண்டுகளாக அயலவராய் வாழும் இந்நிலத்தில், அவர்களின் நெருக்கத்தைச் சொல்ல ஊரார் ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்பார்கள். இரு சமூகத்தாரும் தாய்வழிக் குடிமுறையைப் பின்பற்றுவதும், திருமணத்தின்பின் ஆண் பெண்வீட்டுக்குச் செல்வதும் இப்பகுதியைத் தமிழ்பேசும் ஏனைய வட்டாரங்களிலிருந்து வேறுபடுத்துகின்றன.

வைத்தியசாலைக் கிளினிக்கில் வரிசையில் நிற்கும் இரு முதிய பெண்களை எண்ணிப் பார்க்கலாம். இருவருக்கும் வயது எழுபது. இருவருக்கும் சீனி வருத்தம், பிறஷர். கையிலுள்ள கிளினிக் கொப்பிகளில் எழுதப்பட்ட மருந்துகளும் ஏறத்தாழ ஒன்றே. சில ஆண்டுகளின்பின் ஒருவர் பேரப்பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்து திரிகிறார், மற்றவர் கால் புண்ணாகிப் படுக்கையில் கிடக்கிறார். இந்த வேறுபாட்டை மருந்துச் சீட்டை மட்டும் வைத்து விளக்க முடிவதில்லை. யாருடைய வீட்டில் அவர் இருக்கிறார், அந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் யார் இருக்கிறார், அந்தக் காணி யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

மட்டக்களப்புப் பிரதேசத்தில் முதியவரின் உடல்நலத்தைத் தாங்கிய முதன்மையான சமூக ஏற்பாடு மகள் வீடு என்பதே இக்கட்டுரையின் வாதம். அது நிலத்தில் ஊன்றிய உறவு. ஆகவே சட்டமோ, போரோ, கடலலையோ, மீள்குடியேற்றத் திட்டமோ நிலத்தையும் வீட்டையும் தொட்டபோதெல்லாம் முதியவரின் உடலையும் தொட்டது. இந்த ஏற்பாடு உருவான விதத்தையும் அது அடிபட்ட கட்டங்களையும் காலவரிசையில் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

உறவும் ஆயுளும்: ஆய்வுலகம் கண்டது

1979இல் லிசா பேர்க்மன், லெனார்ட் சைம் ஆகிய இருவரும் கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் 6,928 பேரை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்ட முடிவை வெளியிட்டனர். வாழ்க்கைத்துணை, உறவினர், நண்பர், வழிபாட்டுக் குழு முதலிய பிணைப்புகள் மிகக் குறைந்தவர்களிடம் இறப்பு வீதம், பிணைப்புகள் நிறைந்தவர்களைவிட ஆண்களில் 2.3 மடங்கும் பெண்களில் 2.8 மடங்கும் கூடுதலாக இருந்தது. புகைத்தல், மது, வருமானம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் அந்த வேறுபாடு மறையவில்லை. 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டட்டும் அவருடைய குழுவினரும் 148 ஆய்வுகளில் இடம்பெற்ற 308,849 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்தனர். வலுவான உறவுகள் உள்ளவர் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவரைவிட நூற்றுக்கு 50 அளவில் கூடியது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதே காலத்தில் மைக்கல் மாமட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணைக்குழு, 2008இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மனிதர் பிறந்து வளர்ந்து உழைத்து முதுமை அடையும் சூழலே நோய்க்கும் நலத்துக்கும் அடிப்படை என்று அது நிறுவியது. நோயின் காரணங்களுக்கும் காரணம் தேடவேண்டும் என்பது அந்தச் சிந்தனை மரபின் சாரம்.

உறவு உடலுக்குள் இறங்கும் வழிகளும் ஓரளவு தெளிவாகியுள்ளன. தனிமை நீடித்தால் உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்நோக்கும் நிலையில் இருக்கிறது. இரத்த அழுத்தம் கூடுகிறது, உறக்கம் கெடுகிறது. இவற்றோடு சாதாரண வழிகளும் உண்டு: நேரத்துக்கு மருந்தை நினைவூட்ட ஒரு குரல், ஒன்றாய் உண்ண ஒருவர், வழுக்கி விழுந்தால் ஓடிவர ஒருவர்.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் உறவுகளை எண்ணிப் பார்த்தன. உறவு எதன்மேல் நிற்கிறது என்ற கேள்வி அவற்றில் அவ்வளவாக எழவில்லை. மட்டக்களப்பின் வரலாறு இந்த இடத்தில் நமக்குக் கற்றுத்தர ஒன்றைக் கொண்டிருக்கிறது.

குடி, வயிற்றுவார், சீதன வீடு

மட்டக்களப்பில் ஒருவர் தாயின் குடியைச் சேர்ந்தவர். ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. குடிக்குள் ஒரு தாய்வழியில் வந்தோரை வயிற்றுவார் என்பர். கோயில் திருவிழா உரிமைகள் குடிவாரியாகப் பகிரப்பட்டன. குடியின் சார்பில் கோயிலை நடத்துபவர் வண்ணக்கர், முஸ்லிம்களிடையே பள்ளிவாசலில் அதையொத்த பொறுப்பை ஏற்றவர் மரைக்கார். இரண்டும் வயதுக்கும் அனுபவத்துக்கும் உரிய பதவிகள்.

சொத்துரிமையைப் பொறுத்தவரை பழைய வழக்கம், இங்கு வாழும் முக்குவர் சமூகத்தின் பெயரால், முக்குவர் சட்டம் எனப்பட்டது. வழிவழி வந்த முதுசமும் ஒருவர் தானே ஈட்டிய தேடிய தேட்டமும் அதில் வேறுவேறாகக் கருதப்பட்டன. முதுசச் சொத்து ஆணிடமிருந்து அவனுடைய பிள்ளைகளுக்குச் செல்லாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. இவ்வழக்கைக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டம் பொதுவான வாரிசு விதிகளை வகுத்தது. யாழ்ப்பாணத்தின் வழக்குச் சட்டமான தேசவழமைக்குக் கிடைத்த சட்ட அங்கீகாரம் முக்குவர் சட்டத்துக்குக் கிடைக்கவில்லை. நீதிமன்றங்களில் அது காலப்போக்கில் மறைந்தது.

சட்டம் மறைந்தபோதும் தாய்வழி மறையவில்லை. அக்கரைப்பற்றில் 1969இல் களப்பணி தொடங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தன் பெருநூலில் இதை விரிவாகக் காட்டுகிறார். வாரிசுரிமையாகச் செல்ல முடியாமற்போன சொத்து, சீதனமாக மகளுக்குச் சென்றது. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீடும் வளவும் மகள் பெயருக்கு எழுதப்பட்டன. மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்ற முதுசத்தின் இடத்தைத் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் வீடு பிடித்தது. கேரளத்தின் மருமக்கத்தாயம் சட்டங்களால் படிப்படியாகக் கரைந்து 1976இல் கூட்டுக் குடும்ப முறையோடு முடிவுக்கு வந்ததை நினைத்தால், வாவிக்கரைத் தாய்வழி உருமாறித் தப்பியது குறிப்பிடத்தக்கது.

இந்த உருமாற்றமே முதியோர் வாழ்வின் வடிவத்தையும் தீர்மானித்தது. மூத்த மகள் மணம் முடித்ததும் அவளுக்கு வீடு உரியதாகும். பெற்றோரும் மணமாகாத பிள்ளைகளும் சிறிது காலம் அங்கேயே இருப்பர். பின் அருகிலேயே இன்னொரு வீடு கட்டிப் போவர். அது அடுத்த மகளுக்கானது. கடைசி மகளின் திருமணம் வரும்போது பெற்றோர் அவளோடு தங்குவர், அல்லது வளவின் பின்புறத்தில் ஒரு சிறு வீட்டில் ஒதுங்குவர். வேலியைக் கடந்தால் மூத்த மகள், அடுத்த படலையில் பெரியம்மாவின் மகள். தாய்வழி உறவு இப்படி ஒரு தெருவாகவே நிலத்தில் எழுதப்பட்டது.

வளவு தந்த காப்பு

முதியவருக்கு இந்த ஏற்பாடு தந்தவற்றை உடல்நலக் கண்ணோடு பார்க்கலாம். முதலாவது, இடப்பெயர்வின்மை. கிழவி பிறந்த ஊரிலேயே, பழகிய கிணற்றடியிலேயே மூப்படைகிறாள். புகுந்த வீடு என்ற அந்நியம் அவளுக்கு வாழ்வில் ஒருபோதும் நேர்வதில்லை. இரண்டாவது, பராமரிப்பவர் மருமகளாக இல்லாமல் மகளாக இருப்பது. தாயின் உடம்பைக் குளிப்பாட்டவும் துடைக்கவும் மகளுக்குக் கூச்சமில்லை. மருந்து கசக்கிறது, வயிறு சரியில்லை என்று தாயும் மகளிடம் தயங்காமல் சொல்வாள். மூன்றாவது, கண்காணிப்பு. காலையில் பெத்தாவின் (பாட்டியின்) கதவு திறக்கவில்லை என்பதை வளவிலுள்ள ஒரு பிள்ளையாவது உடனே கவனித்துவிடும். நான்காவது, பயனுள்ளவர் என்ற நிலை. பேரப்பிள்ளை வளர்ப்பதும், நெல் அவிப்பதும், ஆற்றுமீன் துப்புரவாக்குவதும், சடங்குக்கு என்ன வேண்டுமென்று சொல்வதும் அவளை வீட்டின் நடுவே வைத்தன.

ஆண்களின் முதுமை வேறு மாதிரியானது. மணமான நாள்முதல் மனைவியின் வளவில் வாழ்ந்தவர், மனைவி இறந்தபின் மகளின் வீட்டில் இருக்கிறார். அந்த வீடு எந்நாளும் அவருடையதாக இருந்ததில்லை. அவருடைய மதிப்பு வெளியில் இருந்தது. கோயிலில் வண்ணக்கராய், கூத்தில் அண்ணாவியாராய், வயல்வெளியில் வட்டைவிதானையாராய், பள்ளிவாசலில் மரைக்காராய் அவர் பேர் பெற்றார். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் முறை தெரிந்த முதியவரின்றிக் கதவு திறக்காது. ஆகவே பெண்ணின் முதுமை நலம் வளவைச் சார்ந்தும், ஆணின் முதுமை நலம் ஊரின் பொதுவாழ்வைச் சார்ந்தும் நின்றன எனலாம். எது முறிந்தால் யார் முதலில் தளர்வார் என்பதை இந்த வேறுபாடு உணர்த்துகிறது.

இந்த முறையைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. மகள் பிறக்காத தாய்க்கு இதில் இடம் ஒடுக்கம். எழுதிக்கொடுக்க வளவில்லாத கூலிக் குடும்பத்துக்குச் சீதன வீடு என்பது வாழ்நாள் கடன். மூன்று நான்கு பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டி முடிப்பதற்குள் தகப்பனின் முதுகு வளைந்துவிடும். கிழக்கில் 1990களின் இறுதியில் ஆய்வு செய்த காஞ்சனா ருவன்புர, வீடு பெண் பெயரில் இருந்தும் முடிவுகள் ஆண்கள் கையில் இருந்ததையும், குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்களுக்கு உறவினர் உதவி எல்லையுள்ளதாகவே இருந்ததையும் 2006இல் வெளியான நூலில் காட்டினார். பராமரிப்பின் சுமை முழுவதும் ஒரு பெண்ணின் தோளில் இறங்குவதையும் சேர்த்தே இந்த வளவை மதிப்பிட வேண்டும்.

உறவு அறுந்த தீவு

வளவின் பெறுமதியை அறிய வளவே இல்லாத ஓர் இடத்தைப் பார்க்கலாம். வாவியின் நடுவே உள்ள மாந்தீவில் பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் தொழுநோய் வைத்தியசாலை அமைந்தது. நோய் பரவும் என்ற அச்சத்தில் நோயாளர் தண்ணீரால் ஊரிலிருந்து பிரிக்கப்பட்டனர். 1980களில் கூட்டு மருந்துச் சிகிச்சை உலகெங்கும் பரவியபின் தொழுநோய் குணமாகக்கூடிய சாதாரண நோயாயிற்று. ஆனால் நெடுநாள் அங்கிருந்தவர்களில் சிலருக்குத் திரும்பிப்போக வீடு இருக்கவில்லை. அவர்கள் தீவிலேயே முதுமை அடைந்தனர். கிருமி உடலைவிட்டுப் போன பின்னும் அவர்களை நோயாளியாகவே வைத்திருந்தது ஊரின் மனம். மட்டக்களப்பு நகரிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ள அந்தத் தீவு, மருத்துவத்தால் மட்டும் முடிக்க முடியாத வேலை எது என்பதை இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

நீண்ட ஆயுள் வந்தது, கரை கடக்க வழி வரவில்லை

1931இல் சர்வசன வாக்குரிமை, 1940களில் இலவசக் கல்வி, மலேரியா ஒழிப்பு, பங்கீட்டு அரிசி, 1950களின் தொடக்கத்தில் கட்டணமற்ற அரச வைத்தியம் என்று அடுத்தடுத்து வந்த மாற்றங்களால் இலங்கையரின் ஆயுள் விரைவாக நீண்டது. 1940களின் நடுவில் 45 வயது அளவில் இருந்த சராசரி ஆயுள், 1950களின் நடுவில் 60ஐ நெருங்கியது. ஜோன் கால்டுவெல் 1986இல் எழுதிய கட்டுரையில் இலங்கையையும் கேரளத்தையும் ஒருங்கே எடுத்து, பெண்களின் கல்வியும் அவர்களுக்கிருந்த சுயாதீனமும் ஆயுள் நீட்சிக்கு முக்கிய காரணம் என்றார். 2011-2013 காலக் கணக்கின்படி இலங்கைப் பெண்ணின் சராசரி ஆயுள் 78.6 ஆண்டுகள், ஆணின் ஆயுள் 72.0 ஆண்டுகள். 60 வயது கடந்தோர் 1981இல் நாட்டு மக்களில் நூற்றுக்கு 6.6 பேர், 2012இல் 12.4 பேர். முதுமையில் பெண்கள் ஆண்களைவிட நெடுங்காலம் வாழ்வதை இவ்வெண்கள் தெரிவிக்கின்றன.

ஆயுள் நீண்டபோது வாவியின் இரு கரைகளும் சமமாகப் பயன்பெறவில்லை. பெரிய வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் நெடுஞ்சாலையும் எழுவான்கரையில். படுவான்கரையார் வலையிறவு, பட்டிருப்புப் பாலங்கள் வழியாகவோ, ஊரார் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையிலோ தோணியிலோ கடந்து வரவேண்டும். மண்முனைத் துறையில் பாலம் திறக்கப்பட்டது 2014இல்தான். அதுவரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து முதியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், பாதை எந்தக் கரையில் நிற்கிறது என்பதும் அவர் உயிரைத் தீர்மானித்தது. குருமண்வெளி, மண்டூர் போன்ற துறைகளில் பாதைப் பயணம் பின்னும் தொடர்ந்தது. இங்கே தூரமும் ஒரு நோய்க்காரணி. பாலமில்லாத இடத்தில் உறவே பாலமாயிற்று: எழுவான்கரையில் மணமுடித்துப்போன மகனோ சகோதரனோ இருந்தால், கிளினிக் நாளுக்கு முதல்நாள் இரவு தங்க ஒரு திண்ணை கிடைத்தது.

போர்: தெரு குலைந்தது

1990 ஆனியில் மீண்டும் மூண்ட போர் வாவிக்கரையை உலுக்கியது. ஆவணி 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். புரட்டாதி 9ஆம் நாள் சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளும் முதியோரும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அயலவராய் இருந்த ஊர்கள் எல்லைகளாயின. முஸ்லிம்கள் பலர் படுவான்கரை வயல்களுக்குப் போக முடியாதவராயினர். தமிழர் பலர் எல்லையூர் வளவுகளைக் கைவிட்டனர். படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. வைத்தியசாலைக்கு வருவதென்றால் சோதனைச்சாவடி கடந்து வரவேண்டும். தனியே வரமுடியாத முதியவர் துணைக்கு ஓர் இளைஞனை அழைத்தால் அவனுக்கு ஆபத்து. அதனால் பலர் வலியை வீட்டிலேயே வைத்துக்கொண்டனர்.

போர் மகன்களையும் மருமகன்களையும் அதிகம் எடுத்தது. விதவைத் தாய், விதவை மகள், பள்ளி செல்லும் பேத்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் மட்டுமே உள்ள வீடுகள் பெருகின. அந்நிலையிலும் தாய்வழிச் சீதன வீடு ஒரு காப்பளித்தது. கணவன் இறந்தால் பெண்ணை வெளியேற்ற எவருக்கும் உரிமையில்லை, ஏனெனில் வீடு அவளுடையது. அவளோடு தாயும் அங்கேயே இருந்தாள். வாழ்வாதாரம் ஒடிந்தாலும் கூரை ஒடியவில்லை.

மனநோவுக்கு ஊர் தன் வழியிலும் மருந்து தேடியது. பற்றீசியா லோறன்ஸ் மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் செய்த ஆய்வு, காணாமற்போன பிள்ளையைப் பற்றித் தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்கவந்த தாய்மாரைப் பதிவுசெய்கிறது. வாய்விட்டுச் சொல்லமுடியாத காலத்தில், ஊர் கூடிய முன்றிலில் அழுவதற்கு அங்கே இடம் கிடைத்தது. மகனைக் காணாமல் மூப்படைந்த தாய்க்கு அந்த அழுகையை அருகிருந்து பகிர்ந்தவர்கள் மருத்துவரைப் போலவே தேவைப்பட்டார்கள்.

ஆழிப்பேரலை: மகள்மார் போன பின்

2004 மார்கழி 26 காலை அலை எழுவான்கரையின் மணல்நிலத்தை மூடியது. நாவலடி, கல்லடி, கல்முனைக் கரையோரம் எங்கும் வளவுகள் வெறும் மணலாயின. கிழக்குக் கரையோர மாவட்டமொன்றில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நொபுயுகி நிஷிகியோரியும் குழுவினரும் நடத்திய ஆய்வு, பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்த 3,533 பேரில் நூற்றுக்கு 12.9 பேர் இறந்ததைக் காட்டியது. ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேரும் பெண்களில் 17.5 பேரும் இறந்திருந்தனர். 20 முதல் 29 வயதினரில் 7.4 என்றிருந்த அளவு, ஐம்பது வயது கடந்தோரில் 15.3 ஆயிற்று.

இவ்வெண்களை வாவிக்கரையின் குடும்ப முறையோடு சேர்த்து வாசிக்க வேண்டும். பெண்கள் இரு மடங்குக்கு மேல் இறந்த ஒரு தாய்வழிச் சமூகத்தில், உயிர்தப்பிய முதியவர் இழந்தது ஒரு பிள்ளையை மட்டுமன்று. தன் முதுமையைத் தாங்கவிருந்த மகளையும், அவளோடு அந்த வீட்டையும், பக்கத்து வீட்டுச் சகோதரியையும் ஒரே காலையில் இழந்தார். மகன்மார் தப்பியிருந்தாலும் அவர்கள் வேறு பெண்ணின் வளவைச் சேர்ந்தவர்கள்.

அடுத்து வந்தது வீடமைப்பு. கடலிலிருந்து கிழக்கில் 200 மீற்றர் வரை கட்டக்கூடாது என்று முதலில் விதித்தார்கள். கரையோரக் குடும்பங்கள் திராய்மடு போன்ற உள்நிலக் குடியேற்றங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வீடு ‘குடும்பத் தலைவர்’ பெயரில் வழங்கப்படும் பொது நடைமுறையில் அது பெரும்பாலும் ஆணின் பெயராயிற்று. பயனாளிப் பட்டியலின் வரிசையில் வீடுகள் பிரிக்கப்பட்டபோது, ஒரு படலை தள்ளியிருந்த அக்காவும் தங்கையும் வெவ்வேறு தெருக்களில் விழுந்தனர். கரையில் வலை பொத்துவதும் கரைவலையில் மீன் பிரிப்பதும் முதியவருக்கும் கைவரும் வேலைகள். உள்நிலத்தில் அவை இல்லை. நல்ல சுவரும் கழிப்பறையும் உள்ள வீட்டில் இருந்துகொண்டே முதியவர் வேலையற்றவராகவும் அயலற்றவராகவும் ஆனார்.

மக்கள் இதை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மக்கில்வ்ரேயும் லோறன்ஸும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, புதிதாகக் கிடைத்த வீடுகளையும் மகள்மாருக்குச் சீதனமாக மாற்றும் திட்டங்களை இக்குடும்பங்கள் உடனேயே வகுத்ததைக் காட்டியது. உத்தியோகபூர்வப் பத்திரம் ஒன்று சொல்ல, வீட்டுக்குள் பழைய வழக்கம் வேறொன்று சொன்னது. பேராசை என்று சிலர் கண்ட அந்தச் சீதனக் கனவில் தாய்மாரின் முதுமைக் காப்புறுதியும் அடங்கியிருந்தது.

வளைகுடா: கல்வீடு எழுந்தது, மகள் இல்லை

போருக்கும் வறுமைக்கும் நடுவில் கிழக்குப் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லத் தொடங்கினர். சீதன வீடு கட்டவும் கடன் தீர்க்கவும் அந்தப் பணம் வந்தது. ஓலைவீடு கல்வீடாயிற்று. மகள் வீட்டின் நடுப்பொருளான மகள் மட்டும் அங்கில்லை. பேரப்பிள்ளைகளைப் பார்ப்பவள் பெத்தா. 2013இல் அறிமுகமான குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறை, சிறு பிள்ளையுள்ள தாய் வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தியது. பிள்ளையைப் பொறுப்பேற்பவர் யாரென்று காட்டவேண்டும் என்றும் அது கேட்டது. அந்தப் பொறுப்பு பெரும்பாலும் அம்மம்மாவின் தலையில் இறங்கியது.

பராமரிப்புப் பெறவேண்டிய வயதில் பராமரிப்புக் கொடுப்பவளாக அவள் ஆகிறாள். பேரப்பிள்ளையின் அன்பு அவளை உயிர்ப்போடு வைத்திருக்கிறது. அதே பிள்ளையைத் தூக்குவதில் முழங்கால் தேய்கிறது, பள்ளிக்கு அனுப்பிய பின் கிளினிக்குப் போக நேரமில்லை, தன் மருந்தைவிடப் பிள்ளையின் பால்மா முந்துகிறது. உறவு நலம் தருவது போலவே சுமையும் தருகிறது. அந்தச் சுமையைப் பகிர வளவில் இன்னொரு பெண் இருக்கிறாளா என்பதைப் பொறுத்தே அது நலமாகவோ நோயாகவோ முடிகிறது. காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் காணித் துண்டுகள் சிறுத்து, மகள்மாருக்கு மாடி மாடியாக வீடெழும்போது, படியேற முடியாத முதியவர் கீழறையில் தனித்துப்போவதும் இதே கதையின் புதிய அத்தியாயம்.

அரசின் கை

வறிய முதியவருக்கு அரசு தரும் மாதாந்த உதவிப்பணத்தை ஊரார் நெடுங்காலமாகப் ‘பிச்சைச் சம்பளம்’ என்றே சொல்லிவந்தனர். அதை வாங்கப் போனவரின் தலை எவ்வளவு குனிந்திருக்கும் என்பதை அந்தச் சொல்லே காட்டும். 1987இல் விவசாயிகளுக்கும் 1990இல் மீனவருக்கும் ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. சந்தா கட்டிச் சேர்ந்தோருக்கே அவற்றின் பயன். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கடமை விதித்து, பராமரிப்புக் கோரிக்கைகளை விசாரிக்கும் சபையொன்றையும் அமைத்தது. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளில் முதியோர் சங்கங்கள் எழுந்தன. எழுபது வயது கடந்த வறியோருக்கு மாதம் 2,000 ரூபா கொடுக்கும் திட்டம் பல ஆண்டுகள் நடந்தது. 2023இல் சமுர்த்தி உதவித் திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும என்ற நலன்புரித் திட்டம் வந்தது.

இவை உதவிப் பிச்சையிலிருந்து உரிமை என்ற எண்ணத்துக்கு நகர்ந்த முக்கியமான படிகள். எனினும் இவை முதியவரைத் தனி ஆளாக அல்லது பிள்ளைகளின் கடமைக்கு உரியவராகப் பார்த்தன. வீட்டையும் வளவையும் வேறு திணைக்களங்கள் வேறு கணக்கில் பங்கிட்டன. தாயை ஒரு தெருவிலும் மகளை இன்னொரு தெருவிலும் குடியேற்றிய பின், தாயைக் கவனி என்று மகளுக்குச் சட்டம் சொல்வதில் பயன் குறைவு.

முடிவுரை

வாவிக்கரையின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு ஒன்றைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. 1876இன் சட்டம் முதுசத்தை அகற்றியபோது மக்கள் சீதன வீட்டை வளர்த்தனர். போர் ஆண்களை எடுத்தபோது அந்த வீடு மூன்று தலைமுறைப் பெண்களைத் தாங்கியது. அலை அதைக் கரைத்தபோது பத்திரத்துக்கு எதிராகவும் அதை மீட்க முயன்றனர். கடன் அழுத்தியபோது மகள் கடல்கடந்துபோய் அதைக் கல்லாக்கினாள். ஒவ்வொரு முறையும் விலை கொடுத்தவர்கள் பெண்கள். தாங்கப்பட்டவர்கள் முதியவர்கள்.

ஆகவே இப்பிரதேசத்தில் காணி, வீடமைப்பு, பாலம் ஆகியவற்றைப் பற்றிய ஒவ்வொரு முடிவும் முதியோர் சுகாதாரத்தைப் பற்றிய முடிவே. மீள்குடியேற்றத்தில் தாய்க்கும் மகள்மாருக்கும் அடுத்தடுத்த காணி ஒதுக்குவதும், உரிமைப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் நிலைப்பதும், பாலமில்லாத துறைகளுக்கு அப்பால் நடமாடும் கிளினிக் நிரந்தரமாக இயங்குவதும், மகளில்லாதவருக்கும் வளவில்லாதவருக்கும் உரிமையாக உதவி கிடைப்பதும் மருந்துக் களஞ்சியத்தை நிரப்புவதற்குச் சற்றும் குறையாத வேலைகள். பராமரிக்கும் மகளுக்கும் பேரப்பிள்ளை வளர்க்கும் பெத்தாவுக்கும் தோள்கொடுக்க, கோயிலும் பள்ளிவாசலும் முதியோர் சங்கமும் ஏற்கெனவே ஊரில் இருக்கின்றன. அவற்றைச் சுகாதாரத் துறையோடு இணைப்பது மட்டுமே மீதி.

தொடக்கத்தில் கண்ட இரு பெண்களிடம் மீண்டும் வருவோம். பிறஷரும் சீனியும் எழுதும் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்கப்படட்டும்: ‘யாருடன் இருக்கிறீர்கள், பக்கத்து வீட்டில் யார்?’ அந்த வரிக்குப் பதில் எழுத முடியாமல் நிற்கும் முதியவரே முதலில் கவனிக்கப்பட வேண்டியவர். அவருடைய நோய் எங்கே தொடங்கியது என்பதை மருத்துவர் அந்த வெற்றிடத்திலேயே வாசித்துவிடலாம்.